எட்டாயிரம் ஹெர்ட்ஸ்

காலை பத்து மணிக்குமேல்
வேலூர் வெயிலுக்குக் காது கேட்காது.
என் அறைக்கும் அப்படித்தான்:
நான்கு சுவரும் பஞ்சு, கதவு ஒரு சாண் தடிமன்.
உள்ளே உட்காருகிறவரிடம் சொல்வேன்:
சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க,
துளியூண்டு கேட்டாலும்.
இருபத்துநான்கு வருடமாக இதே வாக்கியம்,
தமிழில், தெலுங்கில், உருதுவில்,
இரண்டு நாள் ரயிலில் வருகிறவர்களுக்காக
அரைகுறை வங்காளத்திலும்.

நேற்று வந்த நிரூபனுக்குப் பத்தொன்பது.
காட்பாடிப் பக்கம் கல்லூரி, பேஸ் கிடார்,
வலது காதில் மூன்று வாரமாக ஒரு விசில்.
கறுப்புச் சட்டை; நெஞ்சில்
வேர்களை வாரிக் கொட்டியதுபோல் ஒரு பெயர்.
எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டேன்.
மேடம், நீங்களா? என்றான்,
திருடனைப் பிடித்தவன் குரலில்.

தொண்ணூற்று நான்கில், காகிதப்பட்டறை வீட்டில்,
தொண்ணூறு நிமிடக் கேசட், பக்கத்துக்கு இரண்டே பாட்டு.
முனவ்வர் பேர்ணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவான்,
அவன் அப்பா தோல் விற்க ஜெர்மனி போனபோது வாங்கியது.
ஏழு எண்ணிக்கையில் ஒரு தாளம் வரும்.
ஞானசீலன் அரிசி மூட்டைமேல் தட்டி எண்ணுவான்;
எட்டாவதை எதிர்பார்த்து
ஒவ்வொரு தடவையும் கை காற்றில் விழும்.
இருபத்துமூன்று நிமிடம் எங்களுக்கு நீளமே இல்லை.
காசில்லை, வேலையில்லை,
பாலாற்றில்கூடத் தண்ணீர் இல்லை,
நேரம் மட்டும் கரைபுரண்டு ஓடியது.

வயதானால் காது கனியும் என்கிறார்கள்.
முனவ்வருக்குக் கனிந்துவிட்டது.
ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து திரும்பும் காரில்
கிடார் தனியாக ஒலிக்கும் இடத்தை மட்டும்
மறுபடி மறுபடி போடுகிறான்;
உறுமல் வந்தால் தலை வலிக்கிறதாம்.
ஞானசீலன் அடிலெய்டில்,
பழைய ஆல்பங்கள், பழைய வரிசையிலேயே.
புதியது எதை அனுப்பினாலும்
'எடுத்து வச்சிருக்கேன்' என்று பதில் வரும்.

நான்தான் கோணல்.
நாற்பத்தெட்டில் எனக்கு வேகம் வேண்டியிருக்கிறது.
டியூட்டிக்கும் மாவரைப்பதற்கும் நடுவில்,
கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஒரு பஸ் திரும்பி முடிப்பதற்குள்
பாட்டு தொடங்கி முடிந்துவிட வேண்டும்.
ட்ரம்ஸ் இரண்டு காலாலும் ஓட வேண்டும்,
எவனாவது ஒருவன் கத்த வேண்டும்.
வீட்டில் நான் யாரிடமும் கத்துவதில்லை.

'சின்னப் பாட்டெல்லாம் வயசானவங்களுக்கு, மேடம்,
எங்களுக்கு இருபது நிமிஷமாவது வேணும்.'
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் நிரூபன்.
சிரித்தபடி கதவைச் சாத்தினேன்.
அவன் கோடு நாலாயிரத்தில் லேசாகக் குழிந்திருந்தது.
டாக்டர் சொல்வார். கேட்கமாட்டான்.

மதியச் சாப்பாட்டுக்கு வராந்தா காலியானதும்
ஹெட்ஃபோனை நானே மாட்டிக்கொண்டேன்.
இயந்திரம் தானாக ஓடும்; பட்டன் என் கையில்.
ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம்.
ஆறாயிரத்தில் சந்தேகத்தோடு அழுத்தினேன்,
பொய் சொல்லும் நோயாளியின் அதே அவசரத்தில்.
எட்டாயிரத்தில் வெறும் பஞ்சு.

அப்படியென்றால்
சிம்பல் மினுங்குகிற இடமெல்லாம்
எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது.
மிச்சம் உறுமலும் கால் ட்ரம்மும்.
இதைத்தான் என் ரசனை என்று
இத்தனை நாள் பெருமையடித்தேனா?
முனவ்வருக்கு எழுதிக் கேட்டேன்.
'உனக்கு அப்பவே காது மந்தம்' என்றான்.

சாயங்காலம் நிரூபன் ஒரு பாட்டு அனுப்பியிருந்தான்,
இருபத்திரண்டு நிமிடம்.
ஒற்றைக் காதில் செருகி ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.
ஒன்பதாவது நிமிடத்தில் சத்துவாச்சாரி,
வீட்டு கேட்.
வண்டியை அணைத்தேன், பாட்டை அணைக்கவில்லை.
உளுந்து ஊறிக்கொண்டிருக்கட்டும்.
அதே ஏழு. எண்ணினேன்.
சிம்பல் விழவேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை;
அங்கே கட்டைவிரல் தன்னால் போய்
ஹார்ன் பட்டனை அழுத்தியது.

எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று
என்னையே பார்த்தது.